பழைய சவரக்கத்தியைச் சீர் செய்யும்போது: அறிகுறி, காரணம், தீர்வு

பழைய சவரக்கத்தி ஒன்று கைக்கு வந்ததும் உடனே உப்புத்தாளைத் தேடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தேய்ந்துபோன எஃகு திரும்ப வராது. இந்தக் கத்திகளில் குறை தெரிகிற இடம் ஒன்று, குறை இருக்கிற இடம் வேறொன்று. வாயில் கூர் ஏறவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் முதுகில் இருக்கும். அலகு பிடியில் உரசுகிறது என்றால் கோளாறு ரிவிட் ஆணியிலோ, பிடியின் மறுகோடியில் இருக்கும் ஆப்பிலோ இருக்கும். அதனால்தான் வேலை வரிசைப்படி எழுதாமல் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

பெயர்களில் குழப்பம் வராமலிருக்க: கூரான விளிம்பு வாய். அதற்கு எதிரே தடித்திருப்பது முதுகு. விரல் வைக்கும் கூரில்லாத பகுதி தண்டு. அலகு தண்டோடு சேரும் இடம் தோள். பிடி என்பது இரண்டு பட்டைகள். ஒரு முனையில் அலகைத் தாங்கும் ரிவிட், மறுமுனையில் பட்டைகளுக்கு நடுவே ஆப்பு.

வாயைச் சோதிப்பதையும் தீட்டுவதையும் தவிர, எந்த வேலையானாலும் முதலில் வாய் மேல் நீளமாக டேப் ஒட்டிவிடுங்கள். மழுங்கியது என்று நினைக்கிற கத்திதான் விரலை ஆழமாக வெட்டும்.

வாயில் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இது விரிசலாக இருந்தால் மற்ற எந்த வேலையும் வீண். கீறலா விரிசலா என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கட்டைவிரல் நகத்தின் மேல் அலகை ஏறக்குறையப் படுக்கை வசமாக வைத்து, மிக லேசாக அழுத்தி, அடியிலிருந்து, அதாவது தோளை ஒட்டிய முனையிலிருந்து, நுனி வரை மெதுவாக இழுங்கள். வாயோரம் மெல்லியதாக இருப்பதால் நகம் படும் இடத்தில் சற்று வளையும். அந்த வளைவில் விழும் வெளிச்சம் ஒரு சிற்றலை மாதிரி கூடவே நகர்ந்து வரும். கீறல் மேல் அந்த அலை நிற்காமல் கடந்துபோகும். விரிசலில் வெட்டுப்பட்டு நிற்கும், நகத்திலும் ஒரு சின்னத் தடுக்கல் தெரியும். தடித்த அலகு வளையாது; அதற்கு நல்ல வெளிச்சமும் லென்ஸும்தான் வழி.

நுனிக்கு மிக அருகே என்றால் நுனியைக் குறைத்து வட்டமாக்கிக் கத்தியைக் காப்பாற்றலாம். நடுவில் என்றால் அதைச் சவரத்துக்கு எடுக்காதீர்கள். பிடி செய்து பழக வைத்துக்கொள்ளுங்கள்.

அலகு முழுக்கத் துரு

சிவந்த துருவும் கருத்த படிவும் ஒன்றல்ல. சிவப்பு, எஃகைத் தின்றுகொண்டிருக்கிறது. கருப்புப் படிவு பெரும்பாலும் நிலையானது, அப்படியே விட்டாலும் கெடுதல் இல்லை. எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பலமுறை அதோடு வேலை முடிந்துவிடும். அப்புறமும் தேவைப்பட்டால் 400 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 600, 1000, 2000 என்று போகலாம். ஒரு எண்ணின் கீறல் முழுக்க மறையாமல் அடுத்ததற்குப் போனால் கடைசி மெருகில் அது கட்டாயம் எட்டிப் பார்க்கும்.

குழிகளை முற்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். அலகின் நடுவில் இருக்கும் குழி சவரத்தைத் தொடுவதே இல்லை. வாயிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் குழிதான் ஆபத்து. தீட்டத் தீட்ட வாய் பின்வாங்கி அந்தக் குழியை எட்டும்போது பல் விழும், அதாவது வாயில் சிறு துணுக்கு உதிர்ந்து பள்ளமாகும்.

தண்டில் உள்ள முத்திரையைத் தேய்க்காதீர்கள். ஒரு கத்தியின் வயதைச் சொல்லும் முக்கியமான சாட்சி அது. இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1890-ல் வந்தது. அதனால் ஷெஃபீல்ட் கத்தியில் இங்கிலாந்து என்றோ, சோலிங்கன் கத்தியில் ஜெர்மனி என்றோ பொறித்திருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. அலகில் தங்க முலாம் எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் மெட்டல் பாலிஷ் போடவே வேண்டாம். சில தேய்ப்பிலேயே முலாம் போய்விடும்.

துடைத்து வைத்த கத்தியில் மறுபடி மறுபடி துரு

குளியலறை ஈரம், தோல் உறை, ரிவிட் இடுக்கில் தேங்கும் தண்ணீர் என்று சாதாரணக் காரணங்கள் உண்டு. ஆனால் துரு பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் வருகிறதென்றால் பிடியைச் சந்தேகப்படுங்கள். பழைய பிடிகள் பலவும் செல்லுலாய்டால் ஆனவை. நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் கலந்த பொருள் அது. வயதாகிச் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும்; அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எஃகை அரிக்கும். பட்டையை விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வந்தால் அது செல்லுலாய்டு. கூடவே மூக்கில் குத்துகிற காரநெடி, மேலே பிசுபிசுப்பு, சிறு சிறு சதுரமாக வெடிப்பு என்று தெரிந்தால் சிதைவு தொடங்கிவிட்டது.

இதற்கு வைத்தியம் இல்லை. பிடியைக் கழற்றிவிட்டுப் புதிது செய்வதுதான் வழி. அதுவரை அந்தக் கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அந்த வாயு பக்கத்துக் கத்தியையும் அரிக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று பற்றி எரியும்.

வாயோரம் நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருக்கிறது

யாரோ பஃபிங் சக்கரத்திலோ சாணையிலோ வைத்துச் சூடாக்கிவிட்டார்கள். எஃகு சூடேறும்போது மேலே படியும் நிறமே வெப்பமானி: வெளிர் மஞ்சள் என்றால் 220 டிகிரி செல்சியஸை ஒட்டி, நீலம் என்றால் 300 டிகிரியை ஒட்டி. நீலம் வரை போன எஃகில் பதம், அதாவது கடினம், இறங்கிவிட்டது. கூர் ஏறும், ஆனால் ஒரு சவரம்கூட நிற்காது. நிறம் ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் அந்தப் பகுதி முழுவதையும் தீட்டி எடுத்துவிடலாம். அதற்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். நிறத்தை மட்டும் தேய்த்து மறைத்தால் எஃகு குணமாகாது.

எந்திரத்தில் வேலை செய்பவர்கள் கையுறை போடாமல் வெறும் விரலால் அலகைப் பிடிக்க வேண்டும். விரலுக்குச் சுட்டால் நிறுத்தித் தண்ணீரில் முக்குங்கள். சக்கரம் வாயை எதிர்த்து வராமல், முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக ஓட வேண்டும். எதிர்ப்பக்கம் பிடித்தால் சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறியும்.

கல்லில் எவ்வளவு தீட்டியும் வாயின் ஒரு பகுதியில் கூர் ஏறவில்லை

வருகிற கோளாறுகளில் பாதிக்கு மேல் இதுதான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம். சவரக்கத்தியில் கோணத்தை நம் கை தீர்மானிப்பதில்லை. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படுகின்றன. முதுகின் தடிப்புதான் கோணம். 16 மில்லிமீட்டர் அகல அலகுக்கு முதுகு 4.5 முதல் 5 மில்லிமீட்டர் இருந்தால் வாயின் மொத்தக் கோணம் 16 முதல் 18 டிகிரி வரும். இதுதான் சரியான அளவு.

முதலில் கல் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கல் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, சமனாக்கும் தகட்டில் தேய்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். கல் சரி என்றால், வாயின் இருபக்கச் சரிவிலும் மார்க்கர் பேனாவால் மை பூசி, 1000 எண் கல்லில் அழுத்தமே இல்லாமல் இரண்டு இழுப்பு இழுங்கள். எங்கே மை போயிருக்கிறது, எங்கே நிற்கிறது என்பதுதான் உங்கள் விடை.

நுனியிலும் அடியிலும் போய், நடுவில் நிற்கிறதா? வாய் உள்வாங்கியிருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வாயை மெல்ல நிறுத்திப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். பக்கவாட்டில் எத்தனை மணி நேரம் தீட்டினாலும் இது சரியாகாது, முதுகுதான் தேயும். கத்தியைக் கல்லில் செங்குத்தாக நிறுத்தி, வாய் நேராகும்வரை இழுத்து, பிறகு சரிவைப் புதிதாக எடுக்க வேண்டும். பார்க்க மனம் பதறும். ஆனால் இதுதான் குறைந்த எஃகைச் செலவழிக்கிற வழி.

நடுவில் மட்டும் போய், இரு முனையிலும் நிற்கிறதா? வாய் வெளிவளைவாக இருக்கிறது. பல கத்திகள் செய்யும்போதே அப்படித்தான். அதைக் குறை என்று நினைத்து நேராக்கப் போகாதீர்கள். அடியில் தொடங்கி நுனிவரை மணிக்கட்டை மெல்ல உருட்டியபடி இழுத்தால் போதும்.

ஒரு பக்கத்தில் நடுவிலும், மறுபக்கத்தில் முனைகளிலும் போகிறதா? அலகே திருகியோ வளைந்தோ இருக்கிறது. நெருப்பில் காட்டியோ தட்டியோ நிமிர்த்தலாம் என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு கடினமான எஃகு வளைவதற்கு முன் ஒடிந்துவிடும். வெளிவளைந்த பக்கத்துக்கு உருட்டும் இழுப்பு, உள்வளைந்த பக்கத்துக்கு ஒடுக்கமான கல் அல்லது அகலக் கல்லின் ஓரம். இருபக்கத்துக்கும் இருவேறு இழுப்பு பழகிக்கொண்டால் அந்தக் கத்தி நன்றாகவே மழிக்கும்.

தோளை ஒட்டிய அங்குலத்தில் மட்டும் மை நிற்கிறதா? தோளை ஒட்டி அலகில் ஒரு தடிப்பு இருக்கும். அது கல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டு வாயைத் தூக்கிப் பிடிக்கிறது. பழைய கத்திகளில் வாயின் அடிமுனை கொக்கி மாதிரி நீண்டு கிடப்பதற்கும், முதுகு ஒருபக்கம் அகலமாகத் தேய்ந்திருப்பதற்கும் இதுதான் முக்கியக் காரணம் என்பது என் அனுபவம். அடிமுனையைக் கல்லில் செங்குத்தாக வைத்துச் சிறு வளைவாகக் குறைத்துவிடுங்கள். பிறகு தோள் கல்லுக்கு வெளியே இருக்கும்படி, கத்தியைச் சாய்வாகப் பிடித்து இழுங்கள்.

மை எல்லா இடத்திலும் போகிறது, ஆனால் வாயின் கடைசி விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாக நிற்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இன்னும் தீட்ட வேண்டும், அவ்வளவுதான். விளக்குக்குக் கீழே வாயை உங்களை நோக்கி நேராகப் பிடித்துப் பாருங்கள். எங்காவது வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே இருபக்கச் சரிவுகளும் இன்னும் சந்திக்கவில்லை. கருப்பாக, ஒன்றுமே தெரியாமல் போகும்வரை 1000 எண் கல்லை விட்டு நகராதீர்கள். இங்கே அவசரப்பட்டுவிட்டு 8000, 12000 கற்களில் மணிக்கணக்காகத் தேய்ப்பதில் பயன் இல்லை.

கூர் ஏறுகிறது, ஆனால் உடனே உதிர்ந்து பல் விழுகிறது

காலிப்பரை எடுத்து முதுகை அளந்து பாருங்கள். அதே 16 மில்லிமீட்டர் அகலத்தில் முதுகு 3.5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் கோணம் 13 டிகிரிக்கும் கீழே போய்விட்டது. அவ்வளவு மெல்லிய வாய் தாங்காது. முதுகின் மேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டித் தீட்டுங்கள். டேப்பின் தடிப்பு 0.15 மில்லிமீட்டர் என்றால் இரு பக்கமும் சேர்ந்து கோணம் ஏறக்குறைய 1 டிகிரி கூடும். இரண்டு மூன்று அடுக்கு வரை தாராளமாகப் போகலாம். எத்தனை அடுக்கு என்று குறித்து வையுங்கள். அடுத்தமுறையும் அதே எண்ணிக்கை வேண்டும்.

கோணம் சரியாக இருந்தும் உதிர்கிறது என்றால் வாயோரம் துருக்குழி இருக்கிறது, இல்லையென்றால் பதம் போயிருக்கிறது. லென்ஸில் பார்த்தால் குழி தெரிந்துவிடும்.

முடியை வெட்டுகிறது, முகத்தில் இழுக்கிறது

கைமுடியை மழிக்கிறது என்பது 1000 எண் கல்லின் தேர்வு மட்டுமே. முகத்தில் இழுத்தால் பெரும்பாலும் வாயில் பிசிறு நிற்கிறது. அழுத்தித் தீட்டும்போது எஃகு மெல்லிய இழையாகப் புரண்டு நிற்பதுதான் பிசிறு. கடைசிக் கல்லில் கத்தியின் சொந்த எடைகூடப் படாத மாதிரி சில இழுப்பு இழுத்தால் போய்விடும். நேற்றுவரை நன்றாக மழித்த கத்தி இன்று இழுக்கிறதென்றால் தோல்வாரைப் பாருங்கள். வார் தொய்ந்திருந்தால், அல்லது திருப்பும்போது முதுகு தூக்கினால், வாய் மடங்கிவிடும். வாரில் எப்போதும் முதுகு முன்னே போக வேண்டும். திருப்புவதும் முதுகின் மேலேயே.

மூடும்போது அலகு ஒரு பட்டையில் உரசுகிறது

பிடி செய்பவர்களை அதிகம் சோதிப்பது இதுதான். கத்தியைப் பாதி மூடிய நிலையில் நிறுத்தி, முதுகுப் பக்கமிருந்து நீளவாக்கில் பாருங்கள். பாதியிலேயே ஒருபக்கம் சாய்ந்திருந்தால் கோளாறு ரிவிட் முனையில்: துளை சாய்வாகப் போயிருக்கிறது, அல்லது தண்டுக்கு இருபுறமும் உள்ள வாஷர்கள் சமமாக இல்லை. பாதியில் நடுவாக நின்று, முழுக்க மூடும்போது மட்டும் இடித்தால் கோளாறு மறுகோடியில். ஆப்பு ஒருபக்கம் தடித்திருக்கும், இல்லையென்றால் பட்டை வளைந்திருக்கும். ஆப்பு முனையை இரு விரலால் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். முறுக்கும்போது அலகு நடுவுக்கு வந்தால் குற்றவாளி ஆப்புதான். அதன் ஒருபக்கத்தை அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவே.

இதையெல்லாம் ரிவிட் அடித்த பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை. ரிவிட்டுக்கு 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போடுவதாக இருந்தால், அதே 1.6 மில்லிமீட்டரில் குட்டி போல்ட்டும் நட்டும் கிடைக்கும். முதலில் அவற்றால் பூட்டி, திறந்து மூடி, எல்லாம் சரியான பிறகே கம்பியைப் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ பட்டைகளைக் காப்பாற்றும். துளையைக் கையில் பிடித்த டிரில்லில் போடாமல், நிலையான டிரில்லில் இரு பட்டைகளையும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி ஒரே குத்தாகப் போட்டால் சாய்வு என்ற பேச்சே வராது.

ரிவிட் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது, சாய்வும் கொஞ்சம்தான் என்றால், ரிவிட் தலையின் ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லத் தட்டிப் பாருங்கள். கம்பி உள்ளே இம்மியளவு சாயும். அலகு தவறான பக்கம் நகர்ந்தால் எதிர் ஓரத்தில் தட்டுங்கள்.

மூடியபின் வாய் பிடியின் மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது

இதை அப்படியே விட்டால் கை வெட்டுப்படும். மூடிய கத்தியில் முதுகு இரு பட்டைகளுக்கும் நடுவே லேசாகச் சிக்கி நிற்க வேண்டும். அந்தப் பிடிமானம்தான் வாயை உள்ளேயே நிறுத்துகிறது. ஆப்பு தடிப்பானால் இடைவெளி அகன்று முதுகு வழுக்கி உள்ளே போய்விடும். மெல்லிய ஆப்பு போடுங்கள். அதோடு, வரைபடம் போடும்போதே தாளில் கத்தியை ரிவிட் புள்ளியை மையமாக வைத்துச் சுழற்றி, வாய்க்கு அப்பால் பட்டை 2 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கிறதா, நுனி ஆப்பில் முட்டாமல் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய ஆப்பில் வெள்ளைப் பொடி கட்டியிருந்தால் அது ஈயம். உலர்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள், கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

கத்தி தளர்ந்து தொங்குகிறது. அல்லது திறக்கவே முடியவில்லை

தளர்வுக்கு ரிவிட் தலையைச் சுற்றி இருபக்கமும் மாறி மாறி நாலைந்து மெல்லிய தட்டு. இறுக்கத்துக்கு, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பலமுறை திறந்து மூடுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் ரிவிட்டை எடுத்துவிட்டுப் புதிது அடிப்பதே மேல்.

ரிவிட் அடிக்கும்போது பட்டை வெடிக்கிறது

தட்டத் தட்டக் கம்பி துளைக்குள்ளும் பருக்கும். துளை கம்பியின் அதே அளவில் இறுக்கமாக இருந்தால் பட்டைக்கு வெடிப்பதைத் தவிர வழியில்லை. 1.6 கம்பிக்கு 1.7 துளை போடுங்கள். துளை ஓரத்தை மிகவும் ஒட்டியிருக்கக் கூடாது. தலைக்கு அடியில் வாஷர் அவசியம். வாஷருக்கு வெளியே கம்பி அதன் விட்டத்தில் பாதி, அதாவது 0.8 மில்லிமீட்டர் நீண்டால் போதும். அதிகம் நீண்டால் கம்பி தலை பரவாமல் உள்ளே மடங்கும். சுத்தியல் இலேசானதாக இருக்கட்டும். நடுவில் ஓங்கி அடிக்காமல் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் தலை குமிழாக வரும். சத்தம் கணீரென்று மாறும்போது நிறுத்திப் பாருங்கள்.

பழைய ரிவிட்டைக் கழற்றும்போதும் இதே ஆபத்து உண்டு. தலையை அரத்தால் தேய்த்து வாஷரை எடுத்து, நடுவில் குறி போட்டு 1.5 மில்லிமீட்டர் டிரில்லால் கொஞ்சம் குடைந்த பிறகே தட்டி வெளியே தள்ளுங்கள். உள்ளே பருத்திருக்கும் கம்பியை அப்படியே அடித்தால் காய்ந்த கொம்புப் பட்டை இரண்டாகப் பிளக்கும்.

செய்து முடித்த பிடி சில வாரத்தில் வளைகிறது

மரம் என்றால், வெளிப்பக்கம் மட்டும் மெருகு போட்டு உட்பக்கத்தை வெறுமனே விட்டிருப்பீர்கள். ஈரம் ஒருபக்கமாகவே ஏறி இறங்கினால் 3 மில்லிமீட்டர் பட்டை கட்டாயம் வளையும். உள்ளும் புறமும் ஒரே அளவு மெருகு வேண்டும். மரத்தை முதலில் சற்றுத் தடிப்பாக அறுத்து, இரண்டு வாரம் காற்றாட வைத்து, அது வளைய வேண்டியதை வளைந்து முடித்த பிறகு கடைசித் தடிப்புக்குக் கொண்டுவாருங்கள்.

கொம்பு என்றால் கவலை இல்லை. கொதிக்கக் காய்ந்த தண்ணீரில் சில நிமிடம் போட்டால் இளகும். இரண்டு சமதளத் தகடுகளுக்கு நடுவே இறுக்கி, முழுக்க ஆறும்வரை விடுங்கள். ஓரத்தில் இதழ் பிரிந்திருந்தால் நீர்த்த சூப்பர் குளூவை உறிஞ்சவிட்டு அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். கொம்பு, சிப்பி, எலும்பு எதை அறுத்தாலும் நல்ல முகமூடி இல்லாமல் தொடங்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மெருகு வெளுக்கிறது அல்லது ஒட்டுகிறது

சூப்பர் குளூ மெருகு வெளுப்பது, ஈரக்காற்றில் தடிப்பாகப் பூசியதால். 600 எண் தாளில் இறக்கி, மெல்லிய அடுக்குகளாக மறுபடி பூசுங்கள். ஆளிவிதை எண்ணெய் பிசுபிசுப்பது, மிச்ச எண்ணெயைத் துடைக்காமல் விட்டதால். டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்து எடுத்து, அடுத்த பூச்சைத் துணியில் ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். அந்தத் துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிட்டோ தண்ணீரில் நனைத்தோதான் எறிய வேண்டும்.